மலையைச் சுற்ற எத்தனை குதிரைசக்தி?

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டி 195 கிலோ எடையுள்ளது. அதை அந்தப் பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்ட எவ்வளவு சக்தி வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் விடையை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பார்கள். ஒரு குதிரைசக்திகூடத் தேவையில்லை. அந்த என்ஜின் தரக்கூடியதோ ஏறத்தாழ 20 குதிரைசக்தி.

கணக்கு எளிமையானது. சமதளத்தில் ஓடும் வண்டியை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் தரையில் அழுந்தி உருளும்போது ஏற்படும் தடை. இது எடையைப் பொறுத்தது; வேகத்தால் பெரிதாக மாறுவதில்லை. இன்னொன்று காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். ஓட்டுபவரோடு சேர்த்து 270 கிலோ என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் 0.9 குதிரைசக்தி போதும். 60 கிலோமீட்டருக்கு மூன்றரை. 100 கிலோமீட்டருக்கு 12. முதல் 60 கிலோமீட்டர் வேகத்தை மூன்றரைக் குதிரையில் வாங்கிவிடலாம். அடுத்த 40க்கு எட்டரைக் குதிரை கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வண்டி வாங்கப் போகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை சிசி?” என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தச் சாலையில், எந்த வேகத்தில், பின்னால் யாரை உட்கார வைத்து, என்ன உயரமுள்ள ஆள் ஓட்டப்போகிறார்? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் சிசி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ரமணாசிரமம் பகுதியைப் போல வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு. 1922 முதல் மலையின் தென்னடிவாரத்தில் இருக்கும் ஆசிரமத்தின் வாசலிலேயே செங்கம் சாலை ஓடுகிறது. ஒருபுறம் பெங்களூரு நோக்கிப் பறக்கும் பேருந்துகள். மறுபுறம் வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர்கள். இடையிடையே குரங்கு, மயில், நாய், மாடு. ஆறடி தாண்டிய ஐரோப்பியர் ஒருவர் புல்லட்டில் போவார். அவருக்குப் பக்கத்திலேயே ஐந்தடிக்கும் குறைவான பூக்காரம்மா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கூடையோடு போவார். வேட்டி கட்டிய பெரியவருக்கு ஸ்ப்ளெண்டர், மூன்று மாதம் தங்கவந்த இளம்பெண்ணுக்கு வாடகை ஸ்கூட்டர். ஒரே சாலைதான், ஏறத்தாழ ஒரே வேகம்தான். ஆனால் உடல்கள் வேறு, சுமைகள் வேறு, ஆகவே வண்டிகளும் வேறு.

பூக்காரம்மாவின் வண்டியிலிருந்து தொடங்குவதே நியாயம். ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் குழுமம் 1980இல் டிவிஎஸ் 50ஐக் கொண்டுவந்தபோது, இருவர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அதன் வழிவந்த எக்ஸ்எல் 100இன் உச்ச சக்தி 4.3 குதிரைசக்திதான். ஆனால் அதன் முறுக்குவிசை நிமிடத்துக்கு 3,500 சுற்றிலேயே, 6.5 நியூட்டன் மீட்டர் என்ற உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. சக்தி என்பது குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதற்கான அளவு. முறுக்குவிசை என்பது சக்கரத்தை எவ்வளவு அழுத்தமாகத் திருப்ப முடிகிறது என்பதற்கான அளவு. கூட்டத்துக்குள் நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு இரண்டாவதுதான் உயிர். எக்ஸ்எல்லில் கிளட்ச் லீவர் இல்லை, கியர் இல்லை. என்ஜின் சுற்று கூடும்போது மையவிலக்கு விசையால் கிளட்ச் தானே பிடித்துக்கொள்கிறது. முன்பக்கம் கால் வைக்கும் இடம் திறந்து கிடப்பதால் பால் கேனோ அரிசி மூட்டையோ வண்டியின் நடுவில், தாழ்வாக உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தில் வைத்த சுமை சமநிலையை அதிகம் கெடுப்பதில்லை. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டியை இன்னும் யாரும் செய்யவில்லை என்றே சொல்லலாம்.

அடுத்தது புல்லட். 1950களில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970ஐ ஒட்டி இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. தாய்நாட்டில் மறைந்துபோன ஒரு வண்டி தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கையால் உயிரோடிருந்தது என்பது பெருமைக்குரிய செய்தி.

பழைய புல்லட் என்ஜினின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர்: மொத்தம் 346 சிசி. பலரின் இளமை நினைவான யமஹா ஆர்எக்ஸ் 100இல் இரண்டும் 50 மில்லிமீட்டர்: 98 சிசி. நீண்ட தூரம் ஓடும் கனமான பிஸ்டனை வேகமாக ஓடவைக்க முடியாது. ஆனால் குறைந்த சுற்றிலேயே அது அழுத்தமாக இழுக்கும். கூடவே கனமான ஃப்ளைவீல். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே என்ஜினைத் தொய்வில்லாமல் சுழற்றிக்கொண்டிருப்பது அதுதான். ஆர்எக்ஸ் 100க்கு 11 குதிரைசக்தி வர 7,500 சுற்று வேண்டும். அதன் மகிழ்ச்சி ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது வருகிறது. புல்லட்டின் மகிழ்ச்சி முறுக்காமலே போவதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது சிறந்தது என்று வாதிடுகிறவர்கள், இரண்டு வேறு சுகங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்த “டப் டப்” ஓசைக்கும் காரணம் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு 900 சுற்றில் நின்றோடும் ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டில் விநாடிக்கு ஏழெட்டு வெடிப்புகள். விநாடிக்கு ஏறத்தாழ 20க்குக் கீழே இருக்கும் துடிப்புகளை மனிதக் காது தனித்தனியாகக் கேட்கிறது. அதற்கு மேலே போனால் அவை இணைந்து ஒரு தொடர் ஒலியாகிவிடும். ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. 7,500 சுற்றில் விநாடிக்கு 125. அது ரீங்காரமாகத்தான் கேட்கும். புல்லட்டும் நெடுஞ்சாலையில் 3,000 சுற்றுக்கு வந்தால் விநாடிக்கு 25 வெடிப்பு என்றாகி, அந்தத் தாளம் கரைந்துவிடுகிறது. ஆசிரமத்து வாசலில் மெதுவாகப் போகும்போதுதான் புல்லட் புல்லட்டாக ஒலிக்கிறது. தியானத்துக்காகத் தேடி வருகிற தெருவில், சைலன்சரை மாற்றி அந்த ஒலியைப் பெருக்கி ஓட்டுவது மட்டும் ஏற்க முடியாதது.

பழைய புல்லட்டின் அதிர்வுக்கும் இந்த ஒற்றைச் சிலிண்டர்தான் காரணம். மேலும் கீழும் போகும் பிஸ்டனின் எடையை எதிரே சமன்செய்ய ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும். 2020இல் மீட்டியார் வண்டியோடு வந்த புதிய 349 சிசி என்ஜினில் எதிர்த்திசையில் சுழலும் ஒரு சமன்தண்டு சேர்க்கப்பட்டது. மறு ஆண்டு கிளாசிக்கிலும் அதே என்ஜின். அதிர்வு வெகுவாகக் குறைந்தது. பழைய ஆட்களில் சிலருக்கு அதுவே குறையாகத் தெரிகிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கு அது வரம்.

இனி, கடையில் யாரும் நின்று நிதானமாகப் பார்க்காத எண்: சீட் உயரம். கிளாசிக் 350க்கு 805 மில்லிமீட்டர், ஸ்ப்ளெண்டருக்கு 785, ஆக்டிவாவுக்கு 765, யமஹா ஆர்15க்கு 815. இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டியது ஓட்டுபவரின் மொத்த உயரத்தை அல்ல, காலின் உள்ளளவை. சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டை நோட்டு ஒன்றைக் கால்களுக்கு இடையே மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து நோட்டின் மேல்விளிம்பு வரை அளந்தால் அது கிடைத்துவிடும். பொதுவாக இது உடல் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 76 சென்டிமீட்டர் அளவில் வரலாம். சீட்டோ 80. நான்கு சென்டிமீட்டர் பற்றாக்குறை. உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும்; செருப்பின் அடி கொஞ்சம் தூக்கித் தரும்; குதிகாலை உயர்த்தினால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் சீட் அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, அந்த அளவும் கைநழுவும். ஆகவே எண்ணை மட்டும் நம்பக் கூடாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடப்பதே வழக்கமான ஊர் இது. அப்படியே வண்டியிலும் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. பாதத்துக்குப் பாதுகாப்பு போவதோடு, எட்டாத தரை இன்னும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது.

கால் எட்டாவிட்டால் என்ன ஆகும்? நிற்கும் வண்டி பத்து டிகிரி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 195 கிலோ வண்டியை இடுப்புயரத்தில் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தாங்கும் அளவு பலம் வேண்டும். 20 டிகிரி சாய்ந்தால் 40 கிலோ. 112 கிலோ ஸ்ப்ளெண்டருக்கு இதே கணக்கு 12, 23 என்று வரும். நிற்கும் இடத்தில் தரை கொஞ்சம் சரிவாக, மணல் கலந்து இருந்தால் இந்த வித்தியாசம்தான் வண்டி விழுவதையும் நிற்பதையும் முடிவுசெய்கிறது. வண்டியை உதைத்து ஓட்டத் தெரிந்தவர்கள்கூட அதைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான்.

ஓடும்போது வண்டி ஏன் விழுவதில்லை என்ற கேள்வி அறிவியலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்திருக்கிறது. சுழலும் சக்கரங்கள் பம்பரம்போல நிமிர்ந்து நிற்கின்றன என்பதுதான் நெடுநாள் விடை. 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தோடு எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அந்தப் பம்பர விளைவை ரத்துசெய்தார். அப்போதும் அவரால் அதை ஓட்ட முடிந்தது. முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் ஹேண்டில் அச்சின் கோட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் காரணம் என்று அவர் வாதிட்டார். 2011இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த இரண்டும் இல்லாத ஒரு சைக்கிளைச் செய்து, அதுவும் ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடுவதை ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். எடை எங்கே இருக்கிறது, சாயும்போது ஹேண்டில் அதே பக்கம் தானே திரும்புகிறதா என்பவை எல்லாம் சேர்ந்த விஷயம் அது.

கிரிவலப் பாதையில் ஓட்டுகிறவருக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்று இருக்கிறது. இந்தத் தானியங்கிச் சமநிலை குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் வேலைசெய்யும். நடக்கிறவர் வேகத்துக்கு இறங்கிவிட்டால், உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்தி வைப்பதுபோல, வண்டி சாயும் பக்கமெல்லாம் ஓட்டுபவரே ஹேண்டிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அகலமான ஹேண்டில் வேண்டும், நிமிர்ந்த உட்காரும் முறை வேண்டும், இரு பக்கமும் நன்றாகத் திரும்பும் முன்சக்கரம் வேண்டும். குனிந்து ஓட்டும் பந்தய வடிவ வண்டிகளில் ஹேண்டில் தாழ்ந்து, குறுகி, குறைவாகவே திரும்பும். 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப் பிடிப்பதால் அந்தக் குனிவு சுகமாக இருக்கும். 20 கிலோமீட்டரில் தாங்கக் காற்று இல்லை, மேலுடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. ஆர்15 நல்ல வண்டி. மலை சுற்றுவதற்கு அது ஏற்ற வண்டி இல்லை.

சக்கரத்தின் அளவும் முக்கியம். கிளாசிக்கின் 19 அங்குல முன்சக்கரத்துக்கு டயரோடு சேர்த்து ஆரம் 33 சென்டிமீட்டர். ஆக்டிவாவின் 10 அங்குலப் பின்சக்கரத்துக்கு ஏறத்தாழ 22. சாலையில் 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குழி இருந்தால் பெரிய சக்கரம் அதில் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும், சிறியது இரண்டரை. செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் தினமும் போகிறவரின் இடுப்பெலும்புக்கு இந்த ஒரு சென்டிமீட்டரின் விலை தெரியும். ஸ்கூட்டரின் சௌகரியங்கள் பல, ஆனால் நடுமுதுகு பலவீனமானவர்கள் சக்கரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றிப் பேசக் கூடாது. இங்கே இரவிலும் ஆட்கள் நடக்கிறார்கள், கண்ணை மலையின் மேல் வைத்துக்கொண்டு. ஒருவரைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விநாடியிலேயே 8 மீட்டர் போய்விடும்; நிற்க இன்னும் 6 மீட்டர். மொத்தம் 14. 60இல் போனால் மொத்தம் 40 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அழுத்திப் பிரேக் போடும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், முன்சக்கரத்தின் மேல் முக்கால் பங்குச் சுமை வந்துவிடுகிறது; ஆகவே முன் பிரேக்தான் உண்மையில் வண்டியை நிறுத்துகிறது. “முன் பிரேக் போட்டால் கவிழ்ந்துவிடும்” என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கிறவர்கள், இருக்கும் பலத்தில் கால் பங்கை வைத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் முறையாவது இருக்க வேண்டும் என்றானது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த ஆண்டை மனதில் வைப்பது நல்லது.

பின்னால் உட்காருகிறவர் வண்டி பார்க்கப் போகும்போது கூடவே போக வேண்டும். புடவை கட்டி ஒருபக்கமாக உட்காரும் அம்மாவோ மனைவியோ இருந்தால், அவர் எடை நடுக்கோட்டிலிருந்து விலகி இருக்கும். ஓட்டுபவர் தெரியாமலேயே எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்து ஓட்டுவார். அரை மணியில் இடுப்பு வலிக்கும். நீளமான, தட்டையான சீட்டும் உறுதியான கைப்பிடியும் கால் வைக்கும் தட்டும் இருந்தால் அவரால் நடுக்கோட்டுக்குப் பக்கமாக உட்கார முடியும். பின்சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்கக் குறைந்தது பாதிச் சக்கரத்தையாவது மூடும் கவசம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அழகுக்காக அதைக் கழற்றி எறிகிறவர்கள் செய்வது குற்றம் மட்டுமல்ல, பின்னால் உட்காருகிறவருக்குச் செய்யும் துரோகம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது எல்லா ஆலோசனையையும் விடப் பெரியது. சட்டப்படி வாடகைக்கு விடும் வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால் விபத்தின்போது காப்பீட்டில் சிக்கல் வரும். எடுத்த வண்டியைக் கடைத் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பயனில்லை. குறுகிய இடத்தில் எட்டு போட்டுப் பார்க்க வேண்டும். நடக்கிற வேகத்தில் நூறடி போக வேண்டும். மத்தியான வெயிலில் கால்மணி நேரம் நெரிசலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காற்றால் மட்டும் குளிரும் என்ஜினின் சூடு தொடையில் எவ்வளவு ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு இறங்கும்போது எது வலிக்கிறது என்று கவனிக்க வேண்டும். மணிக்கட்டு வலித்தால் ஹேண்டில் தூரம். முட்டி வலித்தால் கால்தாங்கி உயரம். வால் எலும்பு வலித்தால் சீட்.

அப்புறம் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதை வண்டியின் குணத்தை ஒளிவில்லாமல் காட்டிவிடும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் இரண்டு பேரோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடைகுறைந்த வண்டிக்கும் மூன்று குதிரைசக்திக்கு மேல் வேண்டும். ஸ்ப்ளெண்டரிடம் எட்டு இருக்கிறது, கியரும் இருக்கிறது. மூன்றாவதிலோ இரண்டாவதிலோ சமாளித்துவிடும். எக்ஸ்எல்லுக்கு ஒரே பற்சக்கர விகிதம்தான். அந்த வேகத்தில் அதன் என்ஜின் தன் உச்ச சக்திக்குரிய சுற்றில் இருக்காது. வேகம் மெல்ல இறங்கும், இன்னும் செங்குத்தான வளைவில் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க நேரலாம். சந்தைத் தெருவில் ராணியாக இருக்கும் வண்டிக்கு இங்கே இடமில்லை.

இறக்கத்தில் வேறொரு பாடம். கியர் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, கிளட்ச்சைத் தொடாமல், ஏறிய அதே கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். பெரிய நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் இதில் கெட்டிக்காரன். ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் இதில் பலவீனம். தானியங்கி கிளட்ச் உள்ள ஸ்கூட்டரிலும் எக்ஸ்எல்லிலும் வேகம் மிகவும் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், அப்போது மொத்தப் பொறுப்பும் பிரேக்கின் மேல் விழும். டிரம் பிரேக் தொடர்ந்து சூடானால் பிடிப்பு குறையும். ஓசூர் உள்ளிட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களில் இறக்கத்தின் ஆற்றலைத் திருப்பி பேட்டரிக்கே அனுப்பும் வசதி வந்திருக்கிறது. பேட்டரி முழுவதும் நிரம்பியிருந்தால் மட்டும் அந்தப் பிடிப்பு பெரும்பாலும் குறைந்துவிடும். ஆகவே மலை உச்சியில் தங்கி, இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்குகிறவர்கள் முதல் சில வளைவுகளுக்குப் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.